குழாயில் வராத நீர்: இந்திய நகரங்களின் ஒரு நூற்றைம்பது ஆண்டு வரலாறு

ஒரு வீட்டின் சமையலறைத் தொட்டிக்கு மேலுள்ள குழாயைத் திறந்தால் நீர் வரவில்லை. இலண்டனிலோ பெர்லினிலோ இது நேர்ந்தால், பழுது பார்க்க வருபவர் முதலில் குழாயையே கழற்றிப் பார்ப்பார். தெருவின் பெருங்குழாயில் இரவும் பகலும் நீர் அழுத்தத்துடன் நிற்கிறது என்பது அவர் ஐயுறாத செய்தி. ஆகவே குற்றம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மும்பையிலோ பெங்களூரிலோ இந்தூரிலோ வருகின்ற பணியாளர் குழாயைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பார். மற்றக் குழாய்களில் வருகிறதா? மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இன்று தெருவில் தண்ணீர் விட்டார்களா?

மூன்றாவது கேள்வியில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. 'விட்டார்களா' என்ற வினைக்கு ஓர் எழுவாய் உண்டு. யாரோ ஓரிடத்திலிருந்து, குறித்த நேரத்தில், குறித்த தெருவுக்கு நீரை விடுகிறார் என்பது அதன் பொருள். குழாய் பொருத்தப்பட்ட வீட்டில் இப்படி ஒரு கேள்வி ஏன் எழ வேண்டும்? நீர்ப் பற்றாக்குறை என்ற ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிடுவது வழக்கம். அவ்விடை பாதி உண்மையே. வறண்ட குழாயிலிருந்து பின்னோக்கி நடந்து அணைக்கட்டு வரை சென்றால், ஒவ்வொரு படியிலும் ஒரு காலகட்டத்தின் முடிவுகள் படிந்திருப்பதைக் காணலாம்.

குழாய் என்னும் கருவியின் இயல்பிலிருந்து தொடங்குவது பொருந்தும். அது நீரைத் தருவதற்கான கருவி என்று எண்ணுகிறோம். பொறியியல் நோக்கில் அது நீரை நிறுத்துவதற்கான கருவி. அழுத்தத்துடன் வந்து நிற்கும் நீரைத் தடுத்து வைத்து, வேண்டும்போது மட்டும் வழிவிடுவதே அதன் வேலை. ஆங்கிலத்தின் 'டேப்' என்ற சொல் பண்டு பீப்பாயின் துளையை அடைக்கும் முளையைக் குறித்தது. இந்திய மொழிகளின் பெயர்கள் வேறு வகையின. தமிழ்க் 'குழாய்' உள்ளே துளையுடைய பொருளைச் சுட்டும். தெலுங்கில் அது 'குளாயி'. இந்தியின் 'நல்', மராத்தியின் 'நள்', கன்னடத்தின் 'நல்லி' ஆகியவையும் நாணல்போல் உள்ளீடற்ற தண்டு என்ற பொருளைச் சார்ந்தவை. ஒரு பெயர் அடைப்பைக் குறிக்கிறது. மற்றவை வழியைக் குறிக்கின்றன. சொற்பிறப்பை வரலாற்றுச் சான்றாக்குதல் கூடாது. ஆயினும் இந்திய நகர வாழ்வில் அடைப்பு பின்தள்ளப்பட்டு, வழி மட்டுமே எஞ்சிய கதைக்கு இவ்வேறுபாடு நல்ல முகவுரையாகும்.

எந்நேரமும் நீர் என்பது ஐரோப்பாவிலும் பழைய நிலை அன்று. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இலண்டனின் நீர்க் குழுமங்கள் நாளில் சில மணி நேரமே, சில இடங்களில் சில நாள்களே நீர் விட்டன. வீடுகள் தொட்டிகளில் பிடித்து வைத்துக்கொண்டன. 1831இல் நாட்டிங்காம் நகரில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் உயர் அழுத்தத்தில் இடைவிடாத வழங்கலை நடைமுறைப்படுத்திக் காட்டினார். குழாய்கள் எப்போதும் நிறைந்திருந்தால் வெளியிலுள்ள அழுக்கு உள்ளே புகாது, கசிவைக் கண்டறிவது எளிது, வீணாவதும் குறையும் என்பது அவர் முன்வைத்த வாதம். அழுத்தத்தைத் தாங்கி இறுக மூடும் திருகு குழாய் 1845இல் ரோதர்ஹாமில் காப்புரிமை பெற்றது. இலண்டன் முழுவதும் இடைவிடாத நீர் கிடைக்க அந்நூற்றாண்டின் இறுதி வரை ஆயிற்று. இன்றும் பழைய ஆங்கில வீடுகளின் பரணில் காணப்படும் நீர்த்தொட்டி அந்த மாறுதல் காலத்தின் எச்சம்.

இந்தியாவுக்குக் குழாய்நீர் வந்தது இந்த மாறுதல் முடிவடையாத காலத்திலேயே. கிணறு, குளம், படிக்கிணறு ஆகியவற்றையும், தோற்பையில் நீர் சுமந்த பிஷ்திகளையும் நம்பியிருந்த நகரங்களில், 1854இன் கடும் வறட்சி பம்பாயை உலுக்கியது. ஹென்றி கானிபேரின் திட்டப்படி சால்செட் தீவில் விஹார் ஏரி அமைக்கப்பட்டு, 1860இல் நிறைவுற்றது. இந்தியாவின் நவீன நகராட்சிக் குழாய்நீர்த் திட்டங்களுள் அது முற்பட்டது. ஊக்லி ஆற்று நீரை மணல் படுகைகளில் வடிகட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பும் பல்தா நீர்நிலையம் 1870இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 60 லட்சம் கேலன் அதன் தொடக்கத் திறன். 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த வாய்க்கால் வழியாகச் சென்னைக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914இல்தான். பெங்களூருக்கு 1890களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1908 மூசி வெள்ளத்துக்குப் பிந்தைய திட்டங்களின் பயனாக ஐதராபாத்துக்கு 1920இல் உஸ்மான் சாகரிலிருந்தும் நீர் வந்தது.

இவற்றுள் கல்கத்தாவின் டாலா தொட்டி தனித்துக் கருதத்தக்கது. 1911இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த எஃகுத் தொட்டி 110 அடி உயரத்தில் 90 லட்சம் கேலன் நீரைத் தாங்குவது. உலகின் மிகப் பெரிய மேல்நிலைத் தொட்டிகளுள் ஒன்று. நகரெங்கும் சீரான அழுத்தத்தில் நீர் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். உட்புறம் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அறையைக் கழுவும்போதும் பழுது பார்க்கும்போதும் மற்றவற்றிலிருந்து வழங்கல் தொடரலாம். வழங்கல் நிற்கக் கூடாது என்ற எண்ணத்தை இரும்பில் வடித்த கட்டமைப்பு அது. அதே நகரின் தெருமுனைகளில் பின்னாளில் நிலைத்த பேச்சுவழக்கு 'டைம் கல்' என்பது. வங்கத்தில் 'கல்' என்றால் பொறி. நீர்க்குழாய்க்கும் அதுவே பெயர். குறித்த வேளைகளில் மட்டும் நீர் தரும் தெருக்குழாய் 'நேரப் பொறி' ஆயிற்று. நிற்காத நீருக்கென எழுப்பிய தொட்டியின் நகரத்தில் நேரத்துக்கு வரும் நீருக்குப் பெயர் பிறந்தது.

நீர் வந்த பின்னும் குழாய் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. தொடக்கத்தில் கல்கத்தாவின் வைதிகக் குடும்பங்கள் பல குழாய்நீரைக் குடிக்கத் தயங்கின. குழாயின் வாஷர் தோலால் ஆனது என்பதும், ஒரே நீர் எல்லாச் சாதியினரின் வீடுகளுக்கும் ஓடுகிறது என்பதும் அவர்களின் தடைகள். நாளடைவில் வசதி வென்றது. ஆனால் தீட்டு குழாயின் கைப்பிடியில் வந்து அமர்ந்துகொண்டது. அம்பேத்கர் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் பள்ளிப் பருவத்தை விவரிக்கும் பகுதி இதற்கு மறுக்க முடியாத சான்று. பிற மாணவர்கள் தாகம் எடுத்தால் குழாயைத் திறந்து குடிக்கலாம். அவர் அதைத் தொடக் கூடாது. பள்ளியின் பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் இல்லாத நாளில் அவருக்கு நீரும் இல்லை. அந்தக் குழாயில் எந்தப் பழுதும் இல்லை, அழுத்தமும் குறையவில்லை. ஆயினும் ஒரு சிறுவனைப் பொறுத்தவரை அது வறண்ட குழாய். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்து நீரை அவர் அள்ளிப் பருகியதற்குப் பின்னால் இக்குழாயும் இருக்கிறது. நீர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குக் குழாய்க்கு வெளியிலும் விடை தேட வேண்டும் என்பதை இந்திய வரலாறு இவ்விதம் முதலிலேயே கற்பித்துவிட்டது.

குழாய் வந்த வேகத்தில் மாற்றுவழிகளும் மூடப்பட்டன. பம்பாயில் மலேரியா பரவுவதைப் பற்றி ஆராய்ந்த சி. ஏ. பெண்ட்லியின் 1911ஆம் ஆண்டறிக்கை, நகரின் வீட்டுக் கிணறுகளை கொசுக்களின் இருப்பிடமாக அடையாளம் கண்டது. அதைத் தொடர்ந்து கிணறுகளை மூடவும் நிரப்பவும் நகராட்சி முனைந்தது. சமயக் காரணங்களைக் காட்டிப் பார்சிகளும் பிறரும் எதிர்த்தனர். 1725இல் வெட்டப்பட்ட பீக்கா பெஹ்ராம் கிணறு போன்ற சில இன்றும் நிலைத்துள்ளன. நோய்த் தடுப்பு நோக்கில் அம்முடிவுக்கு நியாயம் உண்டு. அதன் பக்கவிளைவு வேறு: வீட்டின் பின்புறத்திலிருந்த இரண்டாம் நீராதாரம் போயிற்று. அதன்பின் தெருக்குழாய் வறண்டால் வீடும் வறண்டது.

நேரமுறை வழங்கல் ஒரே நாளில் ஆணையிட்டு வந்ததன்று. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகைக்கெனக் கணக்கிட்ட குழாய் வலையமைப்பின் ஓரங்களில் புதிய தெருக்கள் ஒட்டப்பட்டன. நடுவிலுள்ள பழைய பெருங்குழாயின் விட்டம் மாறவில்லை. எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைக்கோடிக்கு அழுத்தம் எட்டாது. ஆகவே நகரத்தைப் பகுதிகளாக்கி, வால்வுகளைத் திருப்பி, முறை வைத்து விடுவது எளிய தீர்வாகத் தோன்றியது. வறட்சி ஆண்டில் தற்காலிக ஏற்பாடாக நுழைந்தது மழை பெய்த ஆண்டிலும் நீங்கவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கி 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவின் 20 நகரங்களை ஒப்பிட்டது. நாளொன்றுக்குச் சராசரி வழங்கல் நேரம் 4.3 மணி, 24 மணி நேரமும் நீர் தந்த நகரம் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகர்ப்புறக் குடும்பங்களில் 70.6 விழுக்காட்டினருக்குக் குழாயே முதன்மை நீராதாரம் எனப் பதிந்தது. அக்குழாயில் எத்தனை மணி நேரம் நீர் வந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

இந்த வாழ்க்கைமுறை மொழியிலும் தடம் பதித்தது. தமிழில் 'தண்ணீர் வந்துவிட்டது' என்பதுபோலவே இந்தியிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் நீர் 'வருகிறது'. மத்திய இந்திய நகரங்களில் 'நல் ஆ கயே' என்பர்; குழாய்களே வந்துவிட்டனவாம். சுவரில் பதித்த பொருள் எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை, ஏனெனில் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். குழாயை மூடாமல் திறந்தே வைப்பதும் இதன் தொடர்ச்சி. விடியற்காலையில் முதலில் காற்றுச் சீறும், பின்பு பழுப்பு நீர் வரும், அதன்பின் தெளியும். அந்தச் சீறலே வீட்டை எழுப்பும் மணி. நிறுத்துவதற்கென உருவான கருவி இங்கே வருகையை அறிவிக்கும் கருவியாக மாறியது.

நகராட்சி கைவிட்ட இருபது மணி நேரத்தை நிரப்ப ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சிறு நீர்நிலையம் கட்டிக்கொண்டது. நகரத்துக்கு ஏரி இருப்பதுபோல வீட்டுக்குத் தரைக்கடித் தொட்டியான சம்ப். பல்தாவின் இயந்திரங்கள்போல ஒரு மோட்டார். டாலா தொட்டிக்கு ஈடாக மாடியில் ஒரு தொட்டி. நடுவண் அரசின் 1999ஆம் ஆண்டுப் பொறியியல் கையேடு ஒரு மாடி வீட்டுக்கு 7 மீட்டர், இரு மாடிக்கு 12, மூன்று மாடிக்கு 17 மீட்டர் உயரம் ஏறத்தக்க அழுத்தம் தெருக்குழாயில் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் தரைமட்டம் வரை ஏறுவதே அரிதான தெருக்கள் பல. அதனால்தான் தொட்டி மண்ணுக்குள் இறங்கியது. சென்னையில் நகராட்சிக் குழாயின் மேலேயே அடி பம்பு பொருத்தி நீரை இழுக்கும் வீடுகள் இதே காரணத்தால் பெருகின. 1970களில் குஜராத்தின் கலோல் நகரிலிருந்து வந்த சின்டெக்ஸ் நெகிழித் தொட்டி செங்கல் தொட்டிகளின் இடத்தைப் பிடித்து, பிறருடைய தயாரிப்புகளுக்கும் அப்பெயரே வழங்குமளவு பரவியது. கோயம்புத்தூரின் மோட்டார்த் தொழில் வயலுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் இயந்திரம் செய்தது.

ஆகவே இந்திய வீட்டில் குழாய் வறண்டால் தேடவேண்டிய இடங்கள் ஓர் ஒழுங்கில் அமைகின்றன. ஒரு குழாயில் மட்டும் வரவில்லையெனில் குற்றம் அருகில் உள்ளது: தொட்டிக்கு அடியிலுள்ள ஆங்கிள் வால்வு மூடியிருக்கலாம், அல்லது குழாயின் வாயிலுள்ள சல்லடையில் உப்பும் மணலும் அடைத்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை மாடித் தொட்டியில் கலந்து பயன்படுத்தும் வீடுகளில் இவ்வடைப்பு அடிக்கடி நேரும். சல்லடையைக் கழற்றிச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேல்தளத்தில் மட்டும் நீர் நூலாக ஒழுகினால் அது பழுதே அன்று. பத்து மீட்டர் உயர நீரே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். தலைக்கு இரண்டு மீட்டர் மேலிருக்கும் தொட்டி அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தர இயலும். இடைவிடாத அழுத்தமுள்ள நாடுகளுக்கென வடிவமைத்த குழாயை அங்கே பொருத்தினால் அது சரிவர இயங்காது.

தொட்டியில் நீர் இருந்தும் எல்லாக் குழாய்களும் வறண்டிருந்தால், மாடியிலுள்ள கேட் வால்வையும் காற்றடைப்பையும் ஐயுற வேண்டும். தொட்டி ஒருமுறை முற்றிலும் காலியாகி மீண்டும் நிரம்பும்போது, குழாயின் மேடான வளைவில் காற்று சிக்கிக்கொண்டு நீரைத் தடுக்கிறது. கீழ்த்தளக் குழாய்களை முழுதாகத் திறந்துவிட்டால் அது வெளியேறக்கூடும். மொட்டைமாடிகளில் தொட்டிக்கு மேலாகக் கைத்தடிபோல் வளைந்து நிற்கும் வெற்றுக்குழாய் இக்காற்றுக்கென விடப்பட்ட வழியே. அதன் பயன் அறியாது மூடிவிட்ட வீடுகளில் காற்றடைப்பு மீண்டும் மீண்டும் வரும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் பதித்த பழைய கட்டடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. நீரும் காற்றும் மாறிமாறி வரும் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். ஓரங்குலக் குழாயின் உள்வழி பென்சில் அளவுக்குச் சுருங்கிவிடும்.

தொட்டியே காலியாக இருந்தால் பார்வை கீழிறங்க வேண்டும். மோட்டார் ஓடியும் நீர் ஏறவில்லையெனில் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபூட் வால்வு கசிந்து, பம்பு நீரின்றிச் சுழல்கிறது என்று கொள்ளலாம். பம்பில் நீர் ஊற்றி நிரப்பிய பின் மீண்டும் ஓட்ட வேண்டும். வறண்ட நிலையில் ஓடவிட்டால் அடைப்பான் கருகும். சம்ப் வறண்டிருந்தால் மிதவை வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது பெருங்குழாயிலிருந்து வீட்டு இணைப்புப் பிரியும் ஃபெருல் அடைபட்டிருக்கலாம். அண்டை வீடுகளிலும் வறட்சியெனில் தெருமுனை வால்வு திறக்கப்படவில்லை. இவ்வாறு ஏழெட்டுப் படிகள் கடந்த பிறகே கேள்வி நகரத்தின் வாசலை அடைகிறது. இடைவிடாத வழங்கல் உள்ள ஊரில் இப்படிகளுள் பெரும்பாலானவை இருப்பதே இல்லை.

இந்த வீட்டு நீர்நிலையங்களைக் கட்டியவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நாட்டின் பெருநகரங்களில் குழாய்ப் பணி செய்வோரில் மிகப் பலர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். புயலும் வெள்ளமும் அடிக்கடி தாக்கும் கழிமுக மாவட்டம் அது. கல்கத்தாவின் குழாய்ப்பணி நிறுவனங்களில் அவ்வூர் இளைஞர்கள் 1930 வாக்கில் சேர்ந்ததிலிருந்து இத்தொழில் அங்கே வேர்கொண்டதாகச் சொல்வர். மாமன் மருமகனையும் அண்ணன் தம்பியையும் அழைத்துச் செல்ல, தில்லி, மும்பை, வளைகுடா நாடுகள் வரை அது பரவியது. அங்குள்ள பட்டாமுண்டையில் குழாய்ப் பணிக்கென அரசுப் பயிற்சி நிறுவனமும் இயங்குகிறது. இந்திய வீடுகளின் மறைவான குழாய்ப் படங்கள் பெருமளவும் காகிதத்தில் இல்லை. அவை இம்மனிதர்களின் நினைவில் உள்ளன.

வீட்டுக்கு வீடு தீர்வு தேடியதன் விளைவு தெருவில் தெரிந்தது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதைப் பல நகரங்களின் விதிகள் தடைசெய்துள்ளன. எனினும் ஒருவர் பொருத்தினால் அடுத்தவர் குழாய் வறளும், அவரும் பொருத்துவார். இறுதியில் மோட்டார் வாங்க இயலாத வீடு மட்டும் வறண்டு நிற்கும். ஹாக்ஸ்லி அஞ்சியதும் நிகழ்ந்தது. நீர் நின்ற நேரத்தில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, அருகிலுள்ள சாக்கடையின் கசிவை விரிசல் வழியே இழுக்கிறது. ஹூப்ளி-தார்வாடில் இரு முறைகளும் அருகருகே இயங்கியபோது, எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் நீர் மாதிரிகளை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட கட்டுரை, நேரமுறைக் குழாய்களில் கிருமி மாசு மிகுதி என்று காட்டியது. சேமிப்பிலும் ஒரு முரண் உண்டு. நாளை வருமோ வராதோ என்று நிரப்பி வைத்த குடங்களைப் புதுநீர் வந்ததும் கவிழ்ப்பவர்கள் பலர். சிக்கனத்துக்கென வந்த முறை வீணாக்கவும் பழக்கியது.

காத்திருப்பின் சுமையை எந்தக் கணக்கேடும் முழுதாகப் பதியவில்லை. சம்பும் மோட்டாரும் உள்ள வீட்டில் நள்ளிரவு நீர் தானே நிரம்பும். தெருக்குழாயை நம்பிய வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் பெண். கூலி வேலைக்குச் செல்வதும் பள்ளிக்குச் செல்வதும் வால்வு திறக்கும் நேரத்தைப் பொறுத்தன. ஆகவே வால்வைத் திருப்பும் கடைநிலை ஊழியர் பெருமதிப்புக்குரியவரானார். மும்பையில் அவர் 'சாவிவாலா'. நீளமான இரும்புச் சாவியுடன் வண்டியில் சென்று தெருத்தெருவாக நீரைத் திறந்து மூடும் இவர்களைப் பற்றி மானிடவியலாளர் நிகில் ஆனந்த் தம் 2017ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். ஹூப்ளியில் 2010களின் தொடக்கத்தில் நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் இவ்வூழியர்களிடமிருந்து செய்தி பெற்று, நீர் வரும் நேரத்தைக் குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. நீரைத் தொடர்ந்து தருவதைவிட, அது எப்போது வரும் என்று சொல்வதே அன்று எளிதாக இருந்தது.

சிலருக்குக் காத்திருக்கவும் உரிமை இல்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் குடியேறியதற்கு ஆவணம் காட்டினால்தான் குழாய் இணைப்பு என்ற விதி நெடுங்காலம் நிலவியது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், குடியிருப்பு சட்டப்படி அமைந்ததன்று என்ற காரணத்துக்காக நீரை மறுக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அம்பேத்கரின் பள்ளிக் குழாயைச் சாதி பூட்டியது. இக்குழாய்களை ஒரு தேதி பூட்டியது. இரண்டிலும் நீர் அருகில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பற்றாக்குறையே இல்லையா என்றால், உண்டு. 2003-04இல் சென்னையின் குழாய் வழங்கல் பெரும்பாலும் நிறுத்தப்பட்டு லாரிகளே ஊரைக் காத்தன. 2019 கோடையில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. 2024 தொடக்கத்தில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் நகரமும் திணறியது. ஆனால் அளவு மட்டுமே காரணமாயின் மும்பை விதிவிலக்காக இருந்திருக்க வேண்டும். விஹாருக்குப் பின் துளசி 1879இலும், தான்சா 1892இலும், வைதரணா 1957இலும், பாட்சா அதன் பின்னும் சேர்ந்தன. இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் நீர் நகருக்குள் நுழைகிறது. அங்கும் பெரும்பாலான தெருக்களில் நீர் நேரத்துக்குத்தான் வருகிறது. புதிய ஏரி ஒவ்வொன்றும் குழாய்க்கு நீர் சேர்த்தது. கசியும் பழைய வலையமைப்பைச் செப்பனிடும் வேலை பின்தங்கியே நின்றது. அணைக்குத் திறப்பு விழா நடத்தலாம். மண்ணுக்கடியில் கசிவை அடைத்த பணிக்கு விழா எடுப்பார் இல்லை.

மாற்றம் இயலாததன்று என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா ஆகிய நகரங்களின் குறிப்பிட்ட பகுதிகளில் 2008 வாக்கில் குழாய்களை மாற்றி, மீட்டர் பொருத்தி, இடைவிடாத வழங்கல் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூலையில் ஒடிசாவின் பூரி, குழாயிலிருந்தே நேராகக் குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் தரும் நகரமாக அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் குழாய்ப் பணியாளர்களை அனுப்பிய மாநிலம் அது. இத்திட்டங்களின் செலவு, கட்டணம், பகுதிகளின் தேர்வு ஆகியவை பற்றி விவாதங்கள் உண்டு. அவை நடக்கத்தான் வேண்டும். ஆனால் வெப்பநாட்டில், ஏழை நாட்டில், இந்திய நகரத்தில் இடைவிடாத நீர் இயலாது என்ற பழைய வாதம் அவற்றுக்குப் பின் எடுபடாது.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊர்ப்புற வீடுகளுக்கானது. அன்று ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரிடமே குழாய் இணைப்பு இருந்தது. அத்திட்ட ஆவணங்கள் தம் இலக்கைக் 'குழாய் இணைப்பு' என்று மட்டும் சொல்லவில்லை. 'செயல்படும் வீட்டுக் குழாய் இணைப்பு' என்கின்றன. நாளொன்றுக்கு ஒருவருக்கு 55 லிட்டர், தரமான நீர், ஒழுங்கான வழங்கல் என்பன அதன் அளவுகோல். நீரைத் தருவதற்கென்றே சுவரில் பதிக்கும் பொருளுக்குச் 'செயல்படும்' என்ற அடைமொழி தேவைப்பட்டது. செயல்படாத குழாய்கள் எண்ணிக்கையில் சேர்ந்து சேர்ந்து, வெறும் குழாய் என்ற சொல் எதையும் உறுதியளிக்க இயலாத நிலையை அடைந்துவிட்டது என்பதற்கு அரசே எழுதிக்கொடுத்த ஒப்புதல் அது.

மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, இன்று தண்ணீர் விட்டார்களா என்ற கேள்விகள் பழுது பார்ப்பவரின் தொழிலறிவுக்குச் சான்று. இவற்றைக் கேட்காமல் குழாயைக் கழற்றுபவர் தேர்ந்த பணியாளர் ஆகார். ஆனால் அக்கேள்விகள் ஒவ்வொன்றும் நகரம் செய்ய வேண்டியதை வீடு ஏற்றுக்கொண்ட ஒரு தருணத்தின் பதிவுமாகும். அவற்றைக் கேட்க வேண்டிய தேவை எந்த ஊரில், எந்தத் தெருவில், யாருடைய வீட்டில் முதலில் நீங்குகிறது என்பதைக் கொண்டே இந்நாட்டின் நீர் வரலாற்றில் அடுத்த பகுதி எழுதப்படும்.